லாரி குளிக்க இடம் எங்கே?

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கிறது காமயகவுண்டன்பட்டி. கம்பத்துக்குப் பக்கம். சுருளி அருவிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பகுதி தெரிந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல். பந்தலுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகப் பன்னீர் திராட்சை தொங்கும்.

பழத்தை வெட்டுகிறார்கள். பெட்டியில் அடுக்குகிறார்கள். லாரி வந்து நிற்கிறது. பெட்டிகள் ஏறுகின்றன. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுகிறார்கள். இரவோடு இரவாக லாரி மலை ஏறிவிடும். விடியும்போது கேரளத்தில் ஏதாவது ஒரு சந்தையில் நிற்கும். அன்று சாயங்காலம் யாரோ ஒரு வீட்டுக் குழந்தை அந்தப் பழத்தைத் தின்னும்.

குழந்தைக்குக் கொடுக்கும் முன்னால் தாய் பழத்தைக் கழுவுவாள். இரண்டு தடவைகூடக் கழுவுவாள். ஆனால் பழம் வந்த லாரியை யார் கழுவினார்கள்? அந்த லாரி முந்தாநாள் எதை ஏற்றிக்கொண்டு வந்தது? சிமெண்டா, உரமா, மீனா, கழிவா?

அந்தத் தாய்க்கு இது தெரியாது. பழத்தை விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் லாரி டிரைவர். அவரை யாரும் கேட்பதில்லை.

மோர்ப் பாத்திரமும் லாரியும்

மோர் இருந்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அதில் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? பால் திரிந்து போகும். இது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. லாரியும் ஒரு பெரிய பாத்திரம்தான். அதற்கும் இதே கணக்குத்தான்.

பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. அமுக்கினால் உடையும். உடைந்த பழத்தில் சாறு வழியும். சாறு வழிந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்கு அடியில் பழைய சுமையின் ஈரமும் அழுகலும் கிடந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்! ஒரு கொத்தில் பிடித்தது பக்கத்துக் கொத்துக்குத் தாவும். மலைப்பாதையில் ஆடி ஆடிப் போகிற வண்டியில் தோல் உடையாத பழம் தப்பும். உடைந்தது தப்பாது.

இந்தத் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்தப் பழம் இந்த மண்ணுக்கு உரியது என்று அரசாங்கமே பதிவு செய்து கொடுத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் திராட்சைக்குப் பருவம் உண்டு. ஆண்டின் முதல் சில மாதங்களோடு அது ஓய்ந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. ஒரு தோட்டம் முடிந்தால் இன்னொரு தோட்டம் பழுக்கும். ஆண்டு முழுவதும் பழம் உண்டு. அதனால் ஆண்டு முழுவதும் லாரியும் உண்டு.

பெயர் வாங்கிக் கொடுப்பது தோட்டம். அந்தப் பெயரை மலைக்கு அந்தப் பக்கம் வரை காப்பாற்ற வேண்டியது வண்டி.

டிரைவர் துடைப்பது எதை?

லாரி டிரைவர்கள் அழுக்கு மனிதர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. ஒரு நல்ல டிரைவரின் கேபினை எட்டிப் பார்த்தால் அது தெரியும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறவர்கள் பலர். சாமி படத்துக்குப் பூ. கியர் கம்பிக்குப் பக்கத்தில் மடித்து வைத்த துண்டு. சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கேன். கதவுப் பைக்குள் ஒரு பிடி பனியன் வேஸ்ட். அவருக்கு அதுதான் வீடு. மாதத்தில் பாதி நாள் அங்கேயேதான் தூக்கம்.

முன் கண்ணாடியைத் துடைக்க அவர் பயன்படுத்துவது என்ன தெரியுமா? பழைய செய்தித்தாள்! லேசாகத் தண்ணீர் தெளித்துக் காகிதத்தால் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். படித்து முடித்த பத்திரிகைக்கு இப்படியும் ஓர் உபயோகம்.

இது அழகுக்காகச் செய்யும் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். கம்பத்திலிருந்து கூடலூர், லோயர்கேம்ப் தாண்டினால் குமுளி மலைப்பாதை. இன்னொரு பக்கம் கம்பம்மெட்டு. வடக்கே போனால் போடிமெட்டு. அங்கே மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் எதிரே வண்டி வருகிறது. அதன் விளக்கு நம் கண்ணாடியில் படுகிறது. கண்ணாடியில் பூச்சியும் தூசியும் ஒட்டியிருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ஒரு கணம் டிரைவருக்குச் சாலையே தெரியாது. வளைவில் ஒரு கணம் என்பது மிக நீண்ட நேரம்.

லாரியின் பின்னாலும் பக்கவாட்டிலும் சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகள் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் மின்னும். அதன் மேல் சேறு படிந்தால் மின்னாது. சாலையோரம் நிற்கும் லாரி இருட்டோடு இருட்டாகிவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கதி என்ன?

இன்னொரு விஷயம். சுத்தமான வண்டி தன் நோயைத் தானே சொல்லும். சக்கரத்தின் நடுவில் எண்ணெய் கசிந்தால் துடைத்த வண்டியில் உடனே கோடு தெரியும். ஸ்பிரிங் பட்டையில் வெடிப்பு இருந்தால் தெரியும். இரட்டை டயருக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் தெரியும். சேறு பூசிய வண்டியில் எதுவும் தெரியாது. கையில் துணியோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிற டிரைவர், பாதி மெக்கானிக் வேலையைச் செய்து முடித்துவிடுகிறார். ஆனால் மலை இறங்கி நின்றவுடனே சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிரேக் டிரம் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விடலாம். சற்று ஆறட்டும் என்று காத்திருப்பதும் இந்தத் தொழிலின் பாடம்.

கிளீனர் எங்கே போனார்?

அந்தக் காலத்து லாரியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் டிரைவர். இன்னொருவர் கிளீனர். 'கிளீனர்' என்றால் சுத்தம் செய்கிறவர் என்று பொருள். வண்டி நின்றதும் முதலில் குதிப்பது அவர்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார். கண்ணாடி துடைப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். பின்பக்கம் நின்று 'வரலாம், வரலாம்' என்று குரல் கொடுப்பார். சுமை இறங்கிய பின் பாடியைக் கூட்டிப் பெருக்குவார். நாலைந்து வருடம் இப்படிக் கழித்த பிறகு ஸ்டியரிங் அவர் கைக்கு வரும். இன்று தலை நரைத்த டிரைவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

இன்று பல லாரிகளில் கிளீனர் இல்லை. டீசல் விலை ஏறியது. சுங்கக் கட்டணம் ஏறியது. வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். செலவைக் குறைக்கப் பார்த்த முதலாளிகள் முதலில் குறைத்தது கிளீனரை. வேலைக்கு வரும் இளைஞர்களும் குறைந்துவிட்டார்கள். தேசிய பர்மிட் லாரிகளில் இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2018-ம் ஆண்டில் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆள் போய்விட்டார். ஆனால் அவர் செய்த வேலை போகவில்லை. கண்ணாடி இருக்கிறது. சேறு இருக்கிறது. அழுகல் இருக்கிறது. எல்லாம் டிரைவர் தலையில் விழுந்தது. இரவெல்லாம் ஓட்டிய மனிதர் காலையில் சுமையை இறக்கிவிட்டுத் துடைப்பத்தையும் எடுக்க வேண்டுமா, தூங்க வேண்டுமா? தூங்கத்தான் வேண்டும். தூங்காமல் பாடியைக் கழுவிவிட்டு மலை இறங்கினால் அது அதைவிட ஆபத்து.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. லாரி சுத்தமாக இல்லை என்று டிரைவரைத் திட்டுவது சுலபம். அவருக்கு நேரம் எது, தண்ணீர் எது, இடம் எது என்று கேட்கிறவர்கள் குறைவு.

சக்கரத்தில் வரும் நோய்

லாரியின் சுத்தம் அரசாங்கத்துக்கு எப்போது நினைவு வரும்? நோய் வரும்போது.

2021-ம் ஆண்டு ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் வந்தது. குட்டநாட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2024 ஏப்ரலிலும் ஆலப்புழையில் அந்த நோய் தலைகாட்டியது. உடனே தமிழ்நாட்டு எல்லையில் கால்நடைத் துறையினர் வந்து நின்றார்கள். கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரத்தில் கிருமிநாசினி தெளித்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நோய்க்கிருமி வெறும் ரப்பரில் உட்கார்ந்திருப்பதில்லை. சேற்றுக்குள்ளும் எச்சத்துக்குள்ளும் பதுங்கியிருக்கும். மேலே மருந்து தெளித்தால் சேற்றின் மேல்தோல்தான் நனையும். உள்ளே இருக்கும் கிருமிக்கு அந்தச் சேறே குடை! அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் சேற்றைச் சுரண்ட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஈரம் வடிந்த பிறகுதான் மருந்து. மருந்தும் பட்டவுடனே வேலை செய்யாது. சில நிமிடம் ஊற வேண்டும்.

வரிசையாக வண்டிகள் நிற்கும் மலைச் சாவடியில் இதற்கெல்லாம் இடம் ஏது? சர்ரென்று ஒரு தெளிப்பு. 'போகலாம்' என்று ஒரு கையசைப்பு. அவ்வளவுதான். சபரிமலைக் காலத்தில் அய்யப்ப பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொண்டால் நெரிசலைச் சொல்லி முடியாது. கூட்டம் அதிகமான நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் சுரண்டிக்கொண்டு இருக்க முடியாது. கழுவும் வேலை சாவடிக்கு வரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குச் சாலையில் இடம் இருக்க வேண்டும்.

திரும்பி வரும் சுமை

பழத்தை இறக்கியாயிற்று. லாரி ஊர் திரும்ப வேண்டும். காலியாக வந்தாலும் டீசல் எரியும். அதனால் டிரைவர்கள் 'ரிட்டர்ன் லோடு' தேடுவார்கள். திரும்பி வரும்போது ஏதாவது கிடைத்தால் அதில்தான் கொஞ்சம் மிச்சம் பார்க்கலாம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுமை எதுவாக இருக்கிறது?

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கோடகநல்லூர், பழவூர் முதலான கிராமங்களில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. ஊசி, பஞ்சு, மருந்துப் புட்டி, நோயாளிகளின் பெயர் எழுதிய காகிதம்! திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு என்று தெரிந்தது. ஊர் கொதித்தது. சிலர் கைதானார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டது. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அந்தக் கழிவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

மருத்துவக் கழிவுக்கு 2016-ம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக்கூடாது. அதற்கென்று தனி வண்டி வேண்டும். அந்த வண்டியில் அடையாளச் சின்னம் வேண்டும். சாதாரண லாரியில் ஏற்றவே கூடாது. 2025-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மருத்துவக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே அடைக்கலாம் என்று திருத்தம் வந்துவிட்டது.

கொட்டிய இடத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். கழிவை ஏற்றும் லாரியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. கழிவு இறங்கிவிடுகிறது. லாரி என்ன ஆகிறது? அடுத்து என்ன ஏற்றுகிறது? நடுவில் கழுவுகிறார்களா? உள்ளூர் டிரைவர்கள் எல்லாரும் கழிவு ஏற்றுகிறார்கள் என்று சொன்னால் அது பெரிய அநியாயம். பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஆனால் வாடகைக்கு வந்து நிற்கும் ஒரு லாரி நேற்று எங்கே இருந்தது என்று பார்க்க இங்கே ஒரு சீட்டுக்கூடக் கிடையாது.

அமெரிக்கா பட்ட பாடு

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவும் இதே பாடு பட்டிருக்கிறது.

1980-களின் கடைசியில் அங்கே ஒரு செய்தி வெளியாகி ஜனங்களைத் திடுக்கிட வைத்தது. உணவு ஏற்றிக்கொண்டு கிழக்கு நகரங்களுக்குப் போகும் லாரிகளில் சில, திரும்பும்போது குப்பை ஏற்றி வந்தன! பிறகு அதே லாரியில் மறுபடி உணவு. விஷயம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. உணவு ஏற்றும் வண்டிகளின் சுகாதாரத்துக்கு 1990-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் போதுமா? நாலே வருடம். 1994-ம் ஆண்டில் பெரிய விபரீதம் ஒன்று நடந்தது. ஐஸ்கிரீம் செய்வதற்கான பால் கலவையை டேங்கர் லாரிகளில் கொண்டுபோனார்கள். கலவை நன்றாகக் காய்ச்சியதுதான். ஆனால் அதே டேங்கர்கள் அதற்கு முன் பச்சை முட்டைக் குழம்பை ஏற்றியிருந்தன. முட்டையிலிருந்த கிருமி டேங்கரில் தங்கியது. அங்கிருந்து கலவைக்கு வந்தது. ஐஸ்கிரீம் பல மாநிலங்களுக்குப் போயிற்று. சுமார் 2,24,000 பேர் வயிற்றுப்போக்கு, காய்ச்சலில் விழுந்தார்கள் என்று பின்னால் மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தொழிற்சாலையில் குற்றம் இல்லை. பாலில் குற்றம் இல்லை. வண்டியில் இருந்தது குற்றம்.

2016-ம் ஆண்டில் அங்கே விரிவான விதிகள் வந்தன. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டி எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சரக்கு அனுப்புகிறவர் எழுத்தில் சொல்ல வேண்டும். டேங்கர் போன்ற வண்டிகளில் முன்பு ஏற்றியது என்ன, கடைசியாகக் கழுவியது எப்போது என்று கேட்டால் வண்டிக்காரர் சொல்ல வேண்டும். அங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் பணம் வாங்கிக்கொண்டு லாரியின் உட்புறத்தைக் கழுவிவிடும் நிலையங்கள் இருக்கின்றன. கழுவியதற்கு ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதைக் காட்டினால்தான் பல இடங்களில் உணவுச் சுமை ஏற்றுவார்கள்.

பாரத்தை டிரைவர் ஒருவர் தலையில் மட்டும் வைக்கவில்லை. அனுப்புகிறவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். அதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

நம்முடைய சட்டம்

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2011-ம் ஆண்டில் வந்த விதிகளில் உணவு ஏற்றும் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வேறு சரக்கு ஏற்றிய வண்டியானால் இரண்டு சுமைகளுக்கு நடுவில் நன்றாகக் கழுவ வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கே கழுவுவது என்று மட்டும் இல்லை!

டிரைவருடைய கதை இன்னும் வேடிக்கை. 1961-ம் ஆண்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம். நாளுக்கு 8 மணி நேர வேலை. இரவில் தங்க வேண்டிய இடத்தில் காற்றோட்டமான ஓய்வு அறை. சீருடை கொடுத்தால் அதைத் துவைக்க ஏற்பாடு, இல்லாவிட்டால் துவைப்புப் படி. வண்டி ஓடாத நேரத்தில் வண்டிக்காகச் செய்யும் துணை வேலையும் வேலை நேரம்தான் என்றுகூட அதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் 5 தொழிலாளிகளாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். ஒரு லாரி, ஒரு முதலாளி, ஒரு டிரைவர் என்றால் சட்டம் எட்டிப் பார்க்காது. கம்பம் பக்கம் மட்டுமல்ல, நாமக்கல், சங்ககிரி வரை எத்தனையோ லாரிகள் அப்படித்தான் ஓடுகின்றன.

அந்தச் சட்டமும் இப்போது தனியாக இல்லை. பல சட்டங்களோடு சேர்த்து அதையும் 2020-ம் ஆண்டில் ஒரே தொகுப்பாக்கினார்கள். அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 5 என்பது 10 ஆகிவிட்டது. வெளியே நின்றவர்கள் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்களில் சிலர் வெளியே போனார்கள்.

நல்லதும் சில நடந்திருக்கிறது. 2025 முதல் புதிதாகச் செய்யும் பெரிய லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டலாம். தூசி உள்ளே வராது. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் பங்குகளில் லாரி டிரைவர்களுக்காகத் தங்குமிடம் கட்டியிருக்கின்றன. நாடு முழுவதும் 350-க்கு மேற்பட்ட இடங்களில் படுக்கை, குளியல் அறை, கழிப்பறை உண்டு. டிரைவர் குளிக்கலாம். ஆனால் இவை பெரும்பாலும் அகலமான பெரிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இருப்பவை. மலை அடிவாரத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஓடுகிறவருக்கு அது தூரம்.

ஆற்றில் இறக்கலாமா?

இடம் இல்லாதபோது கண்ணில் படுவது ஆறு. கரையில் லாரியை இறக்கி வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவது நம் நாட்டில் புதிதல்ல. மாடு குளிப்பாட்டிய துறையில் வண்டியையும் குளிப்பாட்டினால் என்ன என்று தோன்றும்.

மாடு வேறு, லாரி வேறு. லாரியிலிருந்து வடிவது டீசல், கிரீஸ், உரத்தூள், அழுகல். இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 1895-ல் பென்னிகுயிக் கட்டிய அணையிலிருந்து வருகிறது. கூடலூர் தொடங்கி 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் அதை நம்பி இருக்கிறது. வழியில் எத்தனையோ ஊர்கள் அதைக் குடிக்கின்றன. மிச்சம் வைகை அணைக்குப் போய் மதுரைக்குக் குடிநீர் ஆகிறது. லாரியைச் சுத்தம் செய்ய ஆற்றை அழுக்காக்கினால் அழுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டப்படி அது குற்றமும்கூட.

ஊரில் 'வாட்டர் சர்வீஸ்' கடைகள் இருக்கின்றன. ஆனால் பல கடைகள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்றவை. லாரியை உள்ளே விட இடம் போதாது. இடம் இருந்தாலும் கட்டணத்தை யார் கொடுப்பது என்று கேள்வி வரும். முதலாளி டிரைவரைப் பார்ப்பார். டிரைவர் வியாபாரியைப் பார்ப்பார். வியாபாரி வானத்தைப் பார்ப்பார்.

லாரி கழுவும் இடம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. சரிவாக ஒரு சிமெண்ட் தளம் வேண்டும். அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் பம்பு ஒன்று. தண்ணீர் வடிந்து போக மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் மண் அடியில் தங்கும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். அதை அள்ளி எடுத்துவிடலாம். மூன்றாவதில் வரும் தண்ணீரை மறுபடி சக்கரம் கழுவப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பெட்டிகளையும் அங்கேயே அலசிக் காயவைக்கலாம். பக்கத்தில் ஒரு குளியல் அறையும் கழிப்பறையும் கட்டினால் டிரைவரும் குளித்துவிட்டுப் புறப்படுவார்.

எங்கே கட்டுவது? பழமும் காய்கறியும் சேர்ந்து ஏறும் இடத்தில். லோயர்கேம்ப் போல மலை ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் கட்டாயம் கடக்கும் இடத்தில். பறவைக் காய்ச்சல் வந்தால் கால்நடைத் துறையினருக்கும் அதுவே உதவும். கழுவிய சக்கரத்தில் மருந்து தெளித்தால் மருந்தும் வேலை செய்யும்.

கட்டணம் லாரி வாடகையோடு சேர வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எழுதுகிற அதே சீட்டில் 'கழுவுகூலி' என்று இன்னொரு வரி. ஒரு லாரி கொள்ளும் அத்தனை பெட்டிகளுக்கும் அதைப் பங்கு போட்டால் ஒரு பெட்டிக்கு விழுவது சிறு தொகையாகத்தான் இருக்கும். அந்த வரி சீட்டில் ஏறாத வரையில் அந்தப் பணம் டிரைவரின் படியிலிருந்துதான் போக வேண்டும். படியிலிருந்து போக வேண்டுமானால் அவர் கழுவமாட்டார். துடைப்பத்தால் ஒரு தடவை கூட்டிவிட்டுப் பெட்டியை ஏற்றச் சொல்வார்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் இந்தத் தகராறு எதுவும் வராது. ஆயுதபூஜை! அன்று லாரிக்கு முழுக் குளியல். பாடி, சக்கரம், கேபின் எல்லாம் தேய்த்து அலசுவார்கள். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூமாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அன்றைய செலவை முதலாளி முகம் சுளிக்காமல் கொடுப்பார். டிரைவருக்குப் புது வேட்டியும் பொரி கடலையும் உண்டு. கழுவத் தண்ணீர் எங்கிருந்தோ வந்துவிடும். நேரமும் கிடைத்துவிடும்.

மறுநாள் காலையில் சந்தையில் சுமை காத்திருக்கும்.